பழைய ரவிக்கை சொல்லும் பாடம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடையிலும் துணி பாதி, வெட்டு பாதி எனலாம். காஞ்சிப் பட்டைப் பற்றியும் கைத்தறியைப் பற்றியும் நூல்கள் பல உள்ளன. ஆனால், அந்தத் துணியை எந்த வடிவில் வெட்டினார்கள், எங்கே மடித்தார்கள், எங்கே தைத்தார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. குறிப்பாக, நம் பாட்டிமார் காலத்துப் பெண்கள் உடுத்திய ரவிக்கையின் வடிவம் நம் கண்ணெதிரிலேயே மறைந்து வருகிறது. கிழிந்த ரவிக்கை அடுப்படியில் கரித்துணியாகிறது. அத்துடன் அதில் அடங்கிய கணக்கும் போய்விடுகிறது.

வரலாறு பயிலும் மாணவி என்ற முறையிலும், ஓரளவு தையல் தெரிந்தவள் என்ற முறையிலும், நூறாண்டுகளுக்கு முந்தைய இரண்டு வடிவங்களை எடுத்து நானே தைத்துப் பார்த்தேன். ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த முடிச்சு ரவிக்கை. மற்றொன்று சீமையில் அச்சான பழைய தாள் மாதிரி ஒன்றைக் கொண்டு தைத்த கைவீங்கிய ஜாக்கெட். அவை கற்பித்தவற்றை ஆசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் தோழர் தோழியருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கச்சும் மெய்ப்பையும்

தமிழில் "தையல்" என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. தையற்காரர்களைத் "துன்னகாரர்" என்று சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. முல்லைப்பாட்டில் யவனர் அணிந்திருந்த சட்டைக்கு "மெய்ப்பை" என்று பெயர். உடம்பை உள்ளே இட்டுக்கொள்ளும் பை என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! எனவே ஊசியும் நூலும் தமிழருக்குப் புதியவை அல்ல. ஆயினும் பெண்கள் மேலுடலில் அணிந்ததாக இலக்கியம் பெரிதும் கூறுவது கச்சைத்தான். அதனை "வம்பு" என்றும் வழங்கினர். அது சுற்றிக் கட்டும் துணியே ஆகும்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் சிங்கத்தின்மீது அமர்ந்து வில்லை வளைக்கும் எட்டுக் கைகளையுடைய துர்க்கையைப் பாருங்கள். மார்பில் இறுக்கிக் கட்டிய கச்சு தெளிவாகத் தெரிகிறது. அதே கடற்கரையில் பல்லவர் செதுக்கிய வேறு பல பெண்ணுருவங்களில் அது இல்லை. அரசியர்க்கும் தேவமகளிர்க்கும் இல்லாத கச்சு, போருக்குப் புறப்பட்டவளுக்கு ஏன்? வேலை செய்யும்போது உடலுக்குத் துணை வேண்டும் என்பதாலேயே சிற்பி அதனைக் காட்டினான் என்பது என் எண்ணம். ஆடை முதலில் வேலைக்குத் துணை என்ற இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

துணி போயிற்று, வெட்டு வந்தது

மாமல்லபுரத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. டச்சுக்காரர் கட்டிய கோட்டையும் அவர்களுடைய கல்லறைகளும் இன்றும் அங்கே உள்ளன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இத்துறைமுகம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. சோழமண்டலக் கரையின் பல துறைகளிலிருந்து பூவேலைச் சீட்டித் துணியும் கப்பலேறியது. நாம் சீட்டி என்பதை அவர்கள் "சிட்ஸ்" என்றார்கள். அந்தச் சீட்டியைக் கொண்டு ஒல்லாந்துப் பெண்கள் இறுக்கமான மேற்சட்டைகள் தைத்து அணிந்தார்கள். நம்மவர் நெய்து சாயமிட்ட துணி, நம் பெண்கள் அணியாத வடிவில் அங்கே தைக்கப்பட்டது. 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

துணி இங்கிருந்து சென்றதுபோல, தைக்கும் வகைகள் அங்கிருந்து வந்தன. சொற்களே இதற்குச் சாட்சி. "பொத்தான்" போர்ச்சுகீசியச் சொல். "ஜாக்கெட்" ஆங்கிலச் சொல். "ரவிக்கை" மட்டும் நம் அண்டை வீடான தெலுங்கிலும் வழங்கும் சொல்லாகும்.

ஆனால் இந்த மாற்றம் வெறும் நாகரிகப் பழக்கமாக மட்டும் வரவில்லை. தென்கோடியில் அதற்காகப் பெண்கள் அடிபட்டார்கள். அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலுடலை மறைக்கக் கூடாது என்று உயர்சாதியினர் தடுத்தனர். கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் "குப்பாயம்" என்னும் தளர்ந்த சட்டை அணியலாம் என்று 1810-களில் ஓர் ஆணை வந்தது. ஆயினும் 1820-களிலும், மீண்டும் 1858, 1859-ஆம் ஆண்டுகளிலும் கலகங்கள் மூண்டன. சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. இதுவே தோள்சீலைப் போராட்டம். 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் வெளியிட்ட பிரகடனம் எல்லா நாடார் பெண்களும் மேலுடலை மறைக்க இசைவளித்தது. எனினும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. இரண்டு கையும் ஒரு கழுத்தும் உள்ள எளிய குப்பாயம் ஓர் அரசையே அசைத்தது என்றால், தையலை அற்பக் கலை என்று எவர் கூற முடியும்?

வடக்கே வேறு வழியில் மாற்றம் வந்தது. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணியார் ஞானதானந்தினி தேவி, 1860-களில் கணவருடன் பம்பாய்க்குச் சென்றபோது பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டார். அதைத் தழுவி, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்த உடையை வங்கப் பெண்களிடையே பரப்பினார். 1894-இல் இரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்களில் இலக்குமியும் சரசுவதியும் ரவிக்கையுடன் வீடுதோறும் சுவரில் ஏறினார்கள். பெண்கள் பள்ளிகளில் தையல் ஒரு பாடமாயிற்று.

தையல் எந்திரமும் உடன் வந்தது. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற எந்திரம் அந்நூற்றாண்டு முடிவதற்குள் இந்திய நகரங்களை எட்டியது. 1936-இல் கல்கத்தாவின் ஜே எஞ்சினீயரிங் நிறுவனம் உஷா எந்திரத்தைச் செய்யத் தொடங்கிய பிறகு அது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று.

இத்தனைக்கும் நடுவில், தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் ரவிக்கை அணியாத மூதாட்டிகள் இருந்தார்கள். பல குடும்பங்களில் கைம்பெண்களுக்கு ரவிக்கை விலக்கப்பட்டிருந்தது. ஒருத்திக்குக் கட்டாயம், மற்றொருத்திக்குத் தடை, வேறொருத்திக்குப் போராடிப் பெற்ற உரிமை என்று ஒரே ஆடைக்கு மூன்று முகம் இருந்தது.

பெட்டியில் இருந்த முடிச்சு ரவிக்கை

எங்கள் ஆயா பாதுகாத்து வைத்திருந்த ரவிக்கை அவருடைய பாட்டியின் கலியாணத்துக்குத் தைத்தது என்பது வீட்டார் வழிவழியாகச் சொல்வது. சிவப்புப் பருத்தித் துணி, முழுவதும் கைத்தையல். ஒரு பொத்தானோ கொக்கியோ இல்லை. முன்பக்கத்து இரண்டு முனைகளையும் மார்புக்குக் கீழே முடிந்துகொள்ள வேண்டும்.

அதைப் பிரிக்காமல் அளந்தேன். முதுகுக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு இரண்டு, கைக்கு இரண்டு, அக்குளுக்கு இரண்டு, கீழ்ப்பட்டிக்கு ஒன்று என மொத்தம் எட்டுத் துண்டுகள். முதுகு 14 அங்குல அகலம். கை முழங்கை வரை 9 அங்குல நீளம். வியப்பு என்னவென்றால், கழுத்தைத் தவிர வேறெங்கும் வளைந்த வெட்டே இல்லை. எல்லாம் நேர்கோடுகள்.

இன்றைய ஜாக்கெட்டில் கை பொருந்தும் இடம் குடைந்து வெட்டப்படுகிறது. மார்புக்கு ஏற்ப நான்கைந்து டார்ட்டுகள் பிடிக்கப்படுகின்றன. பழைய ரவிக்கையில் குடைவும் இல்லை, டார்ட்டும் இல்லை. பிறகு கையை எப்படித் தூக்குவது? அந்தப் புதிருக்கு விடைதான் அக்குளில் வைத்த சிறு சதுரத் துண்டு.

கையைத் தொங்கவிடும்போது இடுப்பிலிருந்து முழங்கை வரை உள்ள தூரம் குறைவு. கையை உயர்த்தினால் அது நீள்கிறது. துணி அங்கே நீள வழியில்லாவிட்டால், ரவிக்கை முழுவதும் மேலே ஏறும். அல்லது தையல் விடும். எனவே அக்காலத்தார் 4 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, மூலை மேலும் கீழுமாக நிற்கும்படி அவ்விடத்தில் பொருத்தினார்கள். நான்கு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் போனால் 3 அங்குலச் சதுரம் எஞ்சும். அதன் மூலைவிட்டம் சுமார் 4.2 அங்குலம். கையை உயர்த்தும்போது அந்த நீளம் விரிகிறது. தாழ்த்தும்போது மடிந்து மறைகிறது. மேலும் துணி பாவின் வழியிலும் ஊடையின் வழியிலும் இழுத்தால் நீளாது; மூலைவாட்டில் இழுத்தால் நீளும். சதுரத்தை மூலைவாட்டில் நிறுத்தியதால் அந்த நெகிழ்ச்சியும் கிடைக்கிறது. வடிவகணிதம் படிக்காத கைகள் செய்த வடிவகணிதம் இது.

இதனால் இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது சிக்கனம். எல்லாம் செவ்வகமும் சதுரமும் ஆதலால் துணி அநேகமாக வீணாவதே இல்லை. இன்று ஒரு ஜாக்கெட் தைத்தால் கை குடைவிலும் கழுத்திலும் விழும் துண்டுகள் ஒரு பிடி சேரும். இரண்டாவது, உடலோடு ஒத்துப்போகும் தன்மை. முடிச்சைத் தளர்த்தினால் கருவுற்றவளுக்கும் பொருந்தும். அவிழ்த்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். உடல் மெலிந்தால் இறுக்கிக் கட்டலாம். பதினைந்து வயதில் தைத்தது ஐம்பது வயதிலும் உதவும்.

நான் தைத்த புதிய ரவிக்கையை ஆயாவிடம் காட்டினேன். அவர் அணிந்து பார்த்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, "தண்ணிக் குடத்தை இறக்கி வெக்கிற மாதிரியே இருக்குது கண்ணு, எங்கயும் பிடிக்கல" என்றார். நாற்று நடுவதும், நெல் புடைப்பதும், மீன் கூடையைத் தலையில் ஏற்றுவதும் கையைத் தூக்காமல் நடக்குமா? உழைக்கும் பெண்ணை மனத்தில் வைத்து வரைந்த வெட்டு அது. துர்க்கையின் கச்சுக்குச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்துகிறது.

சீமைத் தாள் மாதிரி

இனி மற்றொரு வகையைக் காண்போம். அமெரிக்கத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் 1863-இல் அளவிட்டு வெட்டிய தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் வீட்டில் தைக்கும் பெண்கள் பெரும்பாலும் பழைய உடுப்பைப் பிரித்தோ, கண்ணால் பார்த்தோ வெட்டினார்கள். தபாலில் வந்த தாள் மாதிரி, தேர்ந்த தையற்காரரின் அறிவை அஞ்சல் தலை விலையில் குடிசைக்கும் கொண்டு சேர்த்தது என்றால் மிகையாகாது. இன்று அக்காலத்து மாதிரிகளும் தையல் நூல்களும் பல நூலகங்களால் படியெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான் எடுத்துக்கொண்டது 1900-களைச் சேர்ந்த ஒரு மேற்சட்டை. உயர்ந்த கழுத்து, தோளில் உப்பிய கை, முன்பக்கம் சுருக்கு. இதைப் படிப்பதற்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று: பழைய மாதிரிகள் பலவற்றில் எழுத்தே இராது. மெல்லிய தாளில் குத்திய துளைகளே எழுத்து. எந்தத் துளை துணியின் பாவு வழியைக் குறிக்கிறது, எது சுருக்கின் எல்லை, எது மடிப்பு என்பதை உறையில் உள்ள குறிப்போடு ஒப்பிட்டே அறிய முடியும். ஒரு நிறுவனத்தின் துளைக் குறி மற்றொன்றுக்குப் பொருந்தாது. மாதிரியின்மேல் கோடும் சொல்லும் அச்சிடும் வழக்கம் 1920-ஐ ஒட்டித்தான் வந்தது.

இரண்டு: ஓர் உறையில் ஒரே அளவுதான் இருக்கும். என் உறை 36 அங்குல மார்பளவுக்கு உரியது. 32 அங்குலத்துக்கு வேண்டுமானால் 4 அங்குலம் குறைய வேண்டும். உடுப்பு முன் இரண்டு, பின் இரண்டு என நான்கு கால்பாகங்களாக இருப்பதால் பாகத்துக்கு 1 அங்குலம். அந்த ஓர் அங்குலத்தையும் விலா ஓரத்திலேயே வெட்டிவிட்டால் தோள் அகன்றே நின்று கை இறங்கித் தொங்கும். ஆகவே தோளின் நடுவிலிருந்து கீழ்வரை தாளில் நேராக ஒரு மடிப்பு வைத்து அரை அங்குலத்தையும், விலாவில் அரை அங்குலத்தையும் எடுக்க வேண்டும்.

மூன்று: இவை இறுக்கமான உள்கச்சை அணிந்த உடலுக்கு வரைந்தவை. மார்பளவுக்கு இடையளவு மிகச் சிறிதாக இருக்கும். உள்கச்சை அணியாத நமக்கு இடுப்பளவைத் தனியே அளந்து திருத்தியாக வேண்டும்.

நான்கு: உப்பிய கையின் கணக்கு. கை பொருந்தும் வட்டம் 16 அங்குலம், கையின் மேல் விளிம்பு 22 அங்குலம் என்று கொள்வோம். மிகுதி 6 அங்குலத்தையும் வட்டம் முழுவதும் பரப்பினால் அக்குளில் துணி திரண்டு உறுத்தும். தோளின் உச்சியில் மட்டும் சுருக்கிப் பிடித்தால்தான் கை மேல்நோக்கி உப்பி நிற்கும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1900 முதல் 1920 வரையிலான சென்னை மாகாணத்துக் குடும்பப் புகைப்படங்களில் பெண்கள் அணிந்திருக்கும் ஜாக்கெட்டுகளில் சீமையின் உயர்ந்த கழுத்து இருக்கிறது. உப்பிய கை இருக்கிறது. மணிக்கட்டில் லேஸ் இருக்கிறது. முன்பக்கத்துச் சுருக்கு மட்டும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். முன்பக்கத்தை முந்தானை மறைத்துவிடுகிறது. மறையும் இடத்தில் துணியைச் செலவிடுவானேன்? நம் ஊர்த் தையற்காரர்கள் சீமை மாதிரியை அப்படியே பார்த்து வெட்டவில்லை. சேலையோடு சேர்த்து எண்ணிப் பார்த்து, வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளினார்கள். படமும் பெயரும் இல்லாத அந்தத் தையற்காரர்கள்தாம் இன்றைய ஜாக்கெட்டின் தந்தையர்.

தைத்துப் பார்க்க விரும்புவோருக்கு

பழைய உடுப்பைப் பிரிக்க வேண்டாம். நைந்த நூல் மீண்டும் சேராது. தரையில் கோரைப் பாயை விரித்து, அதன்மேல் செய்தித்தாளை வைத்து, அதன்மேல் உடுப்பின் ஒவ்வொரு பாகத்தையும் சுருக்கமின்றிப் பரப்புங்கள். தையல் ஓடும் வழியே அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குண்டூசியால் மெல்லக் குத்தினால் தாளில் புள்ளிகள் விழும். புள்ளிகளை அளவுகோலால் இணைத்து, வெளியே தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பாவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு துண்டிலும் அம்புக் குறியால் காட்டுங்கள். இது தவறினால் அளவு சரியாக இருந்தும் உடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பழைய வேட்டியில் ஒரு முறை தைத்துப் பாருங்கள். பருத்தித் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே வெட்டுங்கள். இல்லையெனில் முதல் சலவையிலேயே சுருங்கும். அக்குள் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் தையலை முனை வரை ஓட்டாமல், அரை அங்குலத்துக்கு முன்பே நிறுத்தி முடிச்சிடுங்கள். மூலையில் இழுப்பு வராமல் இருக்கும் இரகசியம் அதுவே. இப்பகுதியை எந்திரத்தைவிடக் கையால் பின்தையல் போடுவது நல்லது.

நமது கடமை

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு பயன்கள் எனக்குத் தெரிகின்றன.

தையற்பயிற்சி பெறும் நம் சகோதரிகள் பெரும்பாலும் ஒரே வகை ஜாக்கெட்டைத்தான் கற்கிறார்கள். நெருக்கிப் பிடித்த அந்த வெட்டு விழாவுக்கு அழகு. வயலுக்கும் மீன் சந்தைக்கும் அது துணையாகாது. அக்குளில் ஒரு சதுரம் சேர்த்துத் தைக்கக் கற்றால், உழைக்கும் பெண்களுக்குப் பொருந்திய உடுப்பைக் குறைந்த துணியில் தைத்துக் கொடுக்கலாம். பழைய அறிவு புதிய பிழைப்புக்கு வழி செய்யும்.

மற்றொன்று இதனினும் பெரிது. "நம் பெண்கள் தொன்றுதொட்டு இப்படித்தான் உடுத்தினார்கள், நீயும் அப்படியே உடுத்து" என்று பழமையின் பெயரால் நமக்குக் கட்டளைகள் பிறக்கின்றன. எந்தப் பழமை? மாமல்லபுரத்துக் கல்லில் உள்ளதா, குப்பாயத்துக்காக அடிபட்டவர்கள் கண்டதா, கைம்பெண்ணுக்கு மறுக்கப்பட்டதா, சீமைத் தாளிலிருந்து வந்த உப்பிய கையா? நாம் தொன்மையானது என்று எண்ணும் ஜாக்கெட்டுக்கு வயது ஏறக்குறைய நூறுதான். பெண்ணின் ஆடை காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் அவள் கையும் கருத்தும் கலந்திருந்தன. இதை அறிந்தவள் தனக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ள அஞ்சமாட்டாள்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் ஆயாவின் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய ரவிக்கை இருந்தால் அதை அளந்து, கட்டத் தாளில் நாலில் ஒரு பங்கு அளவில் வரைந்து, எந்த ஊர், யார் அணிந்தது, எந்த வேலைக்கு, யார் தைத்தது என்று கேட்டு எழுதுங்கள். செங்கல்பட்டு நகரிலிருந்தும், திருக்கழுக்குன்றம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள ஊர்களிலிருந்தும், கரையோரக் குப்பங்களிலிருந்தும் நம் கல்லூரிக்கு மாணவர்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு தாள் கொண்டுவந்தாலே இப்பகுதிப் பெண்களின் உடை வரலாறு ஒரு கோப்பாக நம் துறையில் சேர்ந்துவிடும். கேட்டால் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கரித்துணியாவதற்கு முன் அந்த ரவிக்கைகளை அளந்து வைப்போம்.